மூன்றாவது பிஸ்டன் பற்றிய திருத்திய அறிக்கை

காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் வசிப்போருக்கும், கடல் கடந்து வாழ்வோருக்கும், மற்றுமுள்ள சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நிகழும் ஆவணி மாதம் ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல் பத்து மணிக்குள், மன்னார்புரத்தில், 1951-ஆம் வருடத்து மோரிஸ் மைனர் காரின் இன்ஜின் தன் முப்பத்தாறு ஆண்டுக்கால உறக்கத்திலிருந்து எழுப்பப்படும். உற்றார் உறவினர் அனைவரும் மனத்தளவில் உடனிருந்து ஆசீர்வதிக்கக் கோரப்படுகிறார்கள்.

இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர் ராஜாவும் அல்ல, கலெக்டரும் அல்ல. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி சேதுராமன். வெளியிட்ட இடம், நாற்பத்தொரு பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழு. நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். காஞ்சிபுரத்து அத்தை ஒருவர், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, சீக்கிரம் குணமாகப் பிரார்த்தித்தார். சேதுராமனின் தம்பி பாலமுரளி பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. அதோடு சரி. அவன் அந்தக் குழுவில் சேர்க்கப்பட்ட ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

சேதுராமன் திருவெறும்பூர்ப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கூடுதல் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே எது உடைந்தாலும், விரிசல் விட்டாலும், மூல காரணம் என்ன, அதற்குப் பொறுப்பு யார் என்று அறிக்கை எழுதித் தருவதுதான் அவருடைய உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரசத்தில் உப்பு கூடிப்போனால்கூட, "நான் குறை சொல்லலை மைதிலி, காரணத்தைத்தான் கேக்கறேன்" என்பார். அவருடைய மனைவி மைதிலி, "காரணம் கைதாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

கார் அவருடைய அப்பா வாசுதேவனுடையது. பொன்மலை ரயில்வே பணிமனையில் அதிகாரியாக இருந்த மனிதர், வாழ்க்கையில் செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அது. அந்தக் கார் நின்று போனது 1988-இல். நிறுத்தியவன் பாலமுரளி. அப்படித்தான் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் யாரிடமும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு திருவெள்ளறைக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தான். மறுநாள் அப்பா வண்டியைக் கிளப்பப் பார்த்தபோது இன்ஜின் அசையவில்லை. ஆயில் மட்டம் அடியில் கிடந்தது. ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜினைச் சூடேற்றி இறுக வைத்துவிட்டான்.

இதை ஊகமாக விட்டுவிடவில்லை சேதுராமன். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, வேலையில் சேர்ந்து மூன்று வருடம், புது டைப்ரைட்டர். நான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அடித்து அப்பாவிடம் கொடுத்தார். மொத்தம் நான்கு சான்றுகள். நான்காவது சான்று: "குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கவில்லை." இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை. முடிவு ஏற்கனவே தெரிந்துவிட்டபடியால் திறக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

பாலமுரளி அந்த நான்கு பக்கத்தையும் நின்றபடியே பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அண்ணனிடமும் அதிகம் பேசவில்லை. பிறகு அவனுக்கும் ரயில்வேயில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, மன்னார்புரத்தில் வீடு கட்டிக்கொண்டான். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வார்கள். "சௌக்கியமா?" "சௌக்கியம்." அப்புறம் இருவரும் அவரவர் செருப்பைத் தேடுவார்கள்.

இப்போது பாலமுரளிக்கு அறுபதாம் கல்யாணம். செப்டம்பர் எட்டாம் தேதி, மன்னார்புரத்திலேயே ஒரு மண்டபத்தில். அந்த மண்டப வாசலில், சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, அப்பாவின் காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்குவது என்று சேதுராமன் முடிவு செய்திருந்தார். தம்பி கெடுத்ததை அண்ணன் சரிசெய்து, தம்பிக்கே பரிசாகக் கொடுக்கிறார். இதைவிடப் பெருந்தன்மை உலகத்தில் உண்டா? மைதிலியிடம் கேட்டார்.

"பெருந்தன்மைன்னா பக்கத்து வீட்டுக்குக் கேக்காம பண்றதுங்க" என்றாள் மைதிலி.

*

மெக்கானிக் சவரிநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னார்புரத்தில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் அவருடைய ஷெட். போர்டு கிடையாது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இடம் தெரியும், புது வண்டி வைத்திருக்கிறவர்கள் வர வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி லாரியில் ஏற்றி வந்து இறக்கிய மோரிஸ் மைனரை ஒரு தடவை சுற்றி வந்தார்.

"எத்தனை வருஷம் சார்?"

"முப்பத்தாறு. ஆயில் இல்லாம ஓட்டி சீஸ் பண்ணிட்டான் என் தம்பி. அப்பவே மூல காரணம் கண்டுபிடிச்சு ரிப்போர்ட் எழுதிட்டேன். உங்களுக்கு ஒரு காப்பி தரேன், வேலை சுலபமா இருக்கும்."

"திறந்து பாத்தீங்களா?"

"அவசியம் இருக்கலை."

"சரி" என்றார் சவரிநாதன். அந்த "சரி"யில் மரியாதை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அறிவித்தபடி வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சேதுராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பத்து மணிக்குள் இன்ஜின் எழுந்துவிடும் என்று எதிர்பார்த்தவர் அவர் ஒருவர்தான். பத்து மணிக்குள் கழன்றது ஒரே ஒரு ஸ்பார்க் பிளக். மற்ற மூன்றுக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சாயங்காலமானது. நான்கையும் துணியில் வைத்துத் துடைத்த சவரிநாதன், ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், பிளக்குக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?"

வெள்ளைப் பீங்கானில், மங்கலாக, குங்குமக் கறை. அதைச் சுற்றிச் சந்தனம் காய்ந்த மஞ்சள் வட்டம்.

சேதுராமனுக்கு முகம் மலர்ந்தது. "ஆயுத பூஜை! வண்டி நின்ன அந்த வருஷம் நான்தான் பண்ணினேன். பானட் மேல பொட்டு வச்சுட்டுப் போறதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஆயுதம்னா எது? எரிய வைக்கிறது எது? பிளக். அதனால நாலையும் கழட்டிச் சுத்தம் பண்ணி, தாம்பாளத்துல என் வெர்னியர் காலிப்பர் பக்கத்துல வரிசையா வச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, முறையா பூஜை. இன்ஜின் மேலேயே மாலை. பானட்டைக்கூட மூடலை, மாலை நசுங்கிடும்னு."

"எப்ப திரும்ப மாட்டினீங்க?"

"மறுநாள் விஜயதசமி, புனர்பூஜை முடிஞ்சப்புறம். நடுவுல தொடக்கூடாதே."

"ஆமா, தொடக்கூடாது" என்றார் சவரிநாதன். பிளக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசைப்படி ஒரு பலகையில் வைத்து, சாக்பீஸால் எண் எழுதினார். மூன்றாவதைச் சற்று நேரம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. சேதுராமன் அதைக் கவனித்தார். பொட்டு அழகாக இருப்பதால் என்று நினைத்துக்கொண்டார்.

*

இன்ஜினின் தலைமூடியான ஹெட்டைக் கழற்ற இரண்டு நாள். போல்ட்டுகளைச் சூடாக்கி, சூடு இருக்கும்போதே வேளாங்கண்ணி மெழுகுவர்த்தியை அதன் கழுத்தில் வைப்பார் சவரிநாதன். மெழுகு உருகி உள்ளே இறங்கும். ஆறவிட்டுத் திருப்புவார். திரும்பாவிட்டால் மறுபடியும் சூடு, மறுபடியும் மெழுகு. "ஏன் இந்த மெழுகுவர்த்தி?" என்று கேட்டார் சேதுராமன். "வீட்ல நிறைய இருக்கு சார்."

ஹெட்டைத் தூக்கிய பிறகு, கீழே எண்ணெய்த் தொட்டியான சம்ப்பையும் இறக்கி, ஒன்று, இரண்டு, நான்கு பிஸ்டன்களைப் பிரித்து எடுத்தார்கள். அவை கொஞ்சம் முரண்டு பிடித்தன, வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. அது சிலிண்டரின் பாதி வழியில், இரும்போடு இரும்பாக, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல் உட்கார்ந்திருந்தது.

சவரிநாதன் டீசலையும் பிரேக் ஆயிலையும் கலந்து அதன் தலையில் ஊற்றினார். ஒரு வேப்பங்கட்டையை வைத்துச் சுத்தியலால் மூன்று தட்டு தட்டினார். காது கொடுத்துக் கேட்டார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான் சார். நாளைக்கு மூணு."

"ஏன் முப்பது தட்டக் கூடாது?"

"தட்டலாம். பிஸ்டன் உடையும். பிஸ்டன் உடைஞ்சாலும் வெளிய வரும், அது வேற கணக்கு." சவரிநாதன் கையைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் மாறணும். இப்ப கல்லுல தட்டற மாதிரி இருக்கா? எண்ணெய் உள்ள போச்சுன்னா மரத்துல தட்டற மாதிரி கேக்கும். அதுக்கு முன்னாடி அடிச்சா, நம்ம கோபம்தான் தீரும்."

சேதுராமனுக்கு இது தொழில்நுட்பமாகப் படவில்லை. வீட்டுக்குப் போய்க் கணினியில் ஒரு செயல்திட்டம் தயாரித்தார். தேதி, நேரம், வெப்பநிலை, எண்ணெய் அளவு, தட்டுகளின் எண்ணிக்கை, பொறுப்பாளர் கையொப்பம். கலர் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். சவரிநாதன் பணிவோடு வாங்கிக்கொண்டார். அதற்கு மறுநாள் பார்த்தபோது, வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்கிறபோது முதுகில் ஈரம் படாமல் இருக்க அந்தத் தாள் விரிக்கப்பட்டிருந்தது.

"பிளாஸ்டிக் போட்டுக் கொடுத்தது ரொம்ப உபயோகம் சார்" என்றார்.

தினமும் காலையில் சேதுராமன் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். மூன்று தட்டு. கல். திரும்பிப் போவார். நான்கு நாள் எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் நாள் எரிச்சல்பட அலுத்துப்போய், ஸ்டூலில் உட்கார்ந்து சிலிண்டருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் அசையாமல் நின்றது. அதில் அவர் முகம் தெரிந்தது, மூக்கு பெரிதாக.

தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் எத்தனையோ உடைந்த பாகங்களைப் பார்த்திருக்கிறார். எதன் பக்கத்திலும் இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. உடைந்தது மேஜைக்கு வரும்போதே, யார் மேல் எழுதுவது என்பதும் ஏறக்குறைய முடிவாகி வந்துவிடும். அவர் எழுத வேண்டியது நடுப் பக்கங்களை மட்டும்தான். இது மட்டும் எதையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதனிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதுவும் அது சொல்கிற நாளில்.

"தம்பி என்ன பண்றார் சார்?" என்று ஒரு நாள் கேட்டார் சவரிநாதன்.

"ரயில்வே. ரிடையர் ஆகப்போறான். இங்கதான், நாலு தெரு தள்ளி வீடு."

"நாலு தெருதானா? வண்டிய இங்க வச்சிருக்கோம், ஒரு தடவை வந்து பாக்கலாமே?"

"அவனுக்கு மெஷின்ல எல்லாம் ஆர்வம் கிடையாது" என்றார் சேதுராமன். சொன்ன பிறகு, தம்பிக்கு எதில் ஆர்வம் என்று தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அதைத் தட்டிவிட்டார்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, இரண்டாவது தட்டில் சத்தம் மாறியது. சேதுராமனுக்கே கேட்டது. கதவைத் தட்டினால் உள்ளே யாரோ இருக்கிற மாதிரியான சத்தம். அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். சவரிநாதன் மூன்றாவதையும் தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு!" என்று கத்தினார் சேதுராமன்.

"நாளைக்கு."

மறுநாள், புதன்கிழமை, மூன்றாவது தட்டில் பிஸ்டன் ஒரு நூலளவு இறங்கியது. பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று ஒரு மணி நேரம் அதைக் கொஞ்சிக் கொஞ்சி, பத்தேகாலுக்குச் சவரிநாதன் இரண்டு கையாலும் அதை வெளியே எடுத்தார், முழுசாக. சேதுராமன் கைதட்டினார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

*

சவரிநாதன் கைதட்டவில்லை. பிஸ்டனைத் துடைத்து வெயிலில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிலிண்டருக்குள் டார்ச் அடித்தார்.

"சார், உங்க ரிப்போர்ட்ல என்ன போட்டிருந்தீங்க?"

"ஆயில் பட்டினி. அதனால உராய்வு, அதனால அதிகச் சூடு, அதனால..."

"இங்க வாங்க." பிஸ்டனை நீட்டினார். "ஆயில் இல்லாம சூடேறிப் பிடிச்சா, இந்த உடம்பெல்லாம் உரசிக் கோடு கோடா இழுத்திருக்கும். அலுமினியம் அப்பிக்கிட்டிருக்கும். ஒரு கோடு காட்டுங்க பாப்போம்."

கோடு இல்லை. வழவழப்பாக இருந்தது.

"மத்த மூணையும் பாருங்க. அதுலயும் இல்ல. பேரிங் எல்லாம் சுத்தமா இருக்கு. ஆயில் குறைவாத்தான் இருந்திருக்கும், இந்த வண்டி எப்பவும் ஒழுக விடும். ஆனா அதுனால ஒண்ணும் ஆகல. இப்ப இதப் பாருங்க." டார்ச் வெளிச்சம் மூன்றாவது சிலிண்டரின் சுவரில் விழுந்தது. பிஸ்டன் நின்ற இடத்துக்கு மேலே, குளத்துப் படியில் தண்ணீர் நின்ற அடையாளம் போல், சுற்றிலும் ஒரு துருக் கோடு. "தண்ணி சார். நல்லா நிறைய நின்னிருக்கு. இன்ஜின் ஓடி நின்னதில்ல, தண்ணி தடுத்து நின்னது. அப்புறம் துருப்பிடிச்சு இறுகிடுச்சு."

"தண்ணி எப்படி உள்ள போகும்?"

சவரிநாதன் டார்ச்சை அணைத்தார். பலகையில் இருந்த மூன்றாம் எண் பிளக்கை எடுத்தார். குங்குமக் கறைக்குக் கீழே, திருகு மரையில் மற்ற மூன்றிலும் இல்லாத துரு. "இந்த மாடல்ல பிளக்கு தலைக்கு மேல நட்டமா நிக்கும். கழட்டிட்டா, கிணத்துக்கு மூடி இல்லாத மாதிரி. அன்னிக்கு ராத்திரி மழையா சார்?"

ஐப்பசி மழை. விடிய விடியப் பெய்தது. பூஜை அறையில் நான்கு பிளக்கும் சந்தனத்தோடு பத்திரமாக இருந்தன.

"வீட்ல வண்டி நின்ன ஷெட் ஒழுகுமா?"

சேதுராமன் உட்கார்ந்துவிட்டார்.

சவரிநாதன் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும், வேறு எதையோ பேசுகிற குரலில் சொன்னார்: "நாளைக்கு இதை போரிங்குக்கு அனுப்பறேன் சார். உள்சுவரை ஒரு சுத்து கடைஞ்சிடுவாங்க. அப்புறம் ஒரு கோடும் தெரியாது. நான் யார்கிட்டயும் பேசற ஆளும் இல்ல."

*

ஸ்கூட்டரில் பிஸ்டனைக் காலடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த சேதுராமன், நேராகப் பின்பக்கம் ஷெட்டுக்குப் போனார். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. தரையில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின்.

"இது என்ன?"

"பேசின்" என்றாள் மைதிலி. "மேல தகரத்துல ஓட்டை. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து மழைக்காலத்துல வண்டி மூக்கு மேல வைக்கிறேன். உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஓட்டைய அடைங்கன்னு. அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சீங்களே தவிர அடைக்கலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓட்டை ஒரு ரூபாய்க் காசு அளவு. அதன் வழியே வானம் தெரிந்தது.

மத்தியானம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் பிஸ்டனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செல்போனில் குடும்பக் குழு காத்திருந்தது. "பிஸ்டன் வெற்றிகரமாக வெளியேற்றப்பட்டது. 1988-இலேயே நான் நிரூபித்தபடி" என்று அடித்தார். அங்கே விரல் நின்றது. தட்டிய இடத்தில் வேறு சத்தம் கேட்டது.

அவன் அன்று எப்படி நின்றான் என்று நினைத்துப் பார்த்தார். நான்கு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு, கதவோரமாக. மறுக்கவில்லை. மறுக்காததையும் எண் போட்டுச் சான்றாக்கியாயிற்று. திறந்து பார்க்காமல் மூடியது கார் ஒன்றைத்தானா என்று ஒரு கேள்வி வந்தது. இந்த மாதிரி வாசகங்கள் அவருக்குச் சாதாரணமாக வருவதில்லை. வெயில் அதிகம் என்று நினைத்து ஒரு தம்ளர் மோர் குடித்தார். கேள்வி போகவில்லை.

"போரிங்குக்கு அனுப்பிட்டா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மைதிலியிடம், பாதி கேள்வியாக.

"உங்களுக்குத் தெரியுமே" என்றாள் அவள், கறிவேப்பிலை ஆய்ந்தபடி. "நீங்க ஒரு விஷயத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, சொல்லாம இருந்ததா சரித்திரமே இல்லையே."

அன்று சாயங்காலம் சேதுராமன் எழுத உட்கார்ந்தார். மன்னிப்புக் கடிதம் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த வடிவத்தில் எழுதினார். தலைப்பு: "திருத்திய அறிக்கை, பதிப்பு 1." பின்னணி, புதிய சான்றுகள், மூல காரணம், பொறுப்பு. பொறுப்பு என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும், படித்த பட்டத்தையும் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அறிக்கையைத் தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது, எல்லாம் தானாக நடந்த மாதிரி வாக்கியங்கள் அமைந்தன. தமிழில் யார் செய்தது என்று சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் வரவில்லை.

*

எட்டாம் தேதி காலை, மண்டப வாசலில் சேதுராமனும் மைதிலியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். காரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. சேதுராமன் கையில் ஒரு மஞ்சள் பை. பையில் பட்டுத் துணியில் சுற்றிய பிஸ்டன், அதன் மேல் உறையில் அறிக்கை.

கலச நீர் தலையில் ஊற்றி முடித்து, புது வேட்டியில் ஈரத் தலையோடு பாலமுரளி மணமகன் அறையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி சௌமியா, புதுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சேதுராமன் கதவைச் சாத்தினார்.

"சௌக்கியமா?" என்றான் பாலமுரளி.

"இல்ல" என்றார் சேதுராமன்.

இந்தப் பதிலுக்கு முப்பத்தாறு வருடத்தில் பழக்கமில்லாததால் பாலமுரளி செருப்பைத் தேடவில்லை. சேதுராமன் உறையைக் கொடுத்தார். பிஸ்டனைப் பட்டுத் துணியிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தார். தான் எழுந்து நின்றுகொண்டார்.

பாலமுரளி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். "தமிழ்லயா? நல்லதா போச்சு. போன தடவை பட்டினின்னு மட்டும்தான் புரிஞ்சுது." முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் பிளக், பூஜை, மழை, தகரம். கடைசி வரி: "எனவே பாலமுரளி இன்ஜினைக் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான். அவனைக் கேட்காமலே எழுதியவனும் நான்." பாலமுரளி தாளை மடித்தான். சௌமியாவைப் பார்த்தான். சௌமியா தரையைப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்த சேதுராமன், பிஸ்டன் சுற்றிய பட்டுத் துணியை அவளிடம் நீட்டினார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா" என்றான் பாலமுரளி, "நான் வண்டிய எடுக்கவே இல்ல."

"என்னது?"

"எடுக்கத்தான் போனேன். வண்டி மூக்குல ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுத்தினேன், பாதியில நின்னுடுச்சு. கை பிசகினதுதான் மிச்சம். இவ வேற சத்திரம் பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டிருந்தா. அப்ப எங்களுக்குக் கல்யாணம் எல்லாம் பேசலை. சரின்னு துறையூர் பஸ்ல ஏறிட்டோம்."

"ஜன்னலோர சீட்டு எனக்குக் குடுத்தார்" என்றாள் சௌமியா. "மண்ணச்சநல்லூர் தாண்டினதும் தூங்கிட்டார்."

"மறுநாள் நீ நாலு பக்கத்தை நீட்டற. நான் திருவெள்ளறைக்கு வண்டியிலதான் போனேன், ஆயில் இல்லாம ஓட்டினேன், தனியா போனேன்னு எல்லாம் எழுதியிருக்குன்னு நீயே விளக்கற. நான் மறுத்தா என்ன கேப்பீங்க? அப்ப எதுல போனே? பஸ்ல. யாரோட போனே?" பாலமுரளி கையை விரித்தான். "அப்பாவுக்கு அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா, இன்னிக்கு எனக்கு அறுபதாம் கல்யாணம் இல்ல, முதல் கல்யாணமே இல்ல. உன் ரிப்போர்ட் என்னைக் காப்பாத்திச்சு. ரொம்ப நாள் பத்திரமா வச்சிருந்தேன்."

சேதுராமன் பிஸ்டனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு அறிக்கை, ஆறு பக்கம். அதில் தம்பிக்கு உபயோகப்பட்டது தப்பாக எழுதியதுதான்.

"அப்புறம் ஏன்டா என்னோட பேசலை?"

பாலமுரளி கண்ணாடியைக் கழற்றினான். ஈரத் தலையைத் துண்டால் ஒற்றிக்கொண்டான்.

"முதல்ல, பேசினா பஸ் வெளிய வந்துடுமேன்னு பயம். அப்புறம் கல்யாணம் ஆச்சு, பயம் போயிடுச்சு. சொல்லலாம்னு நினைச்சேன். நீ பாக்கறப்ப எல்லாம் மன்னிச்சுட்டவன் மாதிரி நிப்ப. அந்த முகத்தைப் பாத்தா சொல்லத் தோணலை. கோபம் எல்லாம் இல்லண்ணா. பழகிப்போச்சு."

வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்தார். சேதுராமன் பிஸ்டனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த நான்காவது சான்று மட்டும் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. மறுக்கவில்லை. அதை ஒரு தடவையாவது கேள்வியாகக் கேட்டிருக்கலாம். "எதுல போனே?" என்று. இரண்டே வார்த்தை. இத்தனைக்கும் கேள்வி கேட்பதற்குத்தான் அவருக்கு முப்பத்தைந்து வருடம் சம்பளம்.

"வண்டி ரெடியானதும் நாலு பேருமா திருவெள்ளறை போலாம்" என்றார். "நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணா" என்றான் பாலமுரளி. "அன்னிக்குத்தான் கத்துக்கலாம்னு இருந்தேன்."

அறைக் கதவைத் தட்டி, முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். பாலமுரளி எழுந்தவன், அண்ணனிடமிருந்து பிஸ்டனை வாங்கிக் கையில் எடை பார்த்தான். கனமாக இருக்கும் என்று நினைத்தானாம், அவ்வளவு இல்லை என்றான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மாலையோடு சேர்த்து அதையும் பிடித்துக்கொண்டே மணவறைக்குப் போனான். போட்டோக்காரர் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து இரண்டு படம் கூடுதலாக எடுத்தார். காஞ்சிபுரத்து அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வண்டி முடிய இன்னும் எட்டு மாதமாவது ஆகும் என்று சவரிநாதன் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் சத்திரத்திலிருந்து பஸ்ஸில் திருவெள்ளறைக்குப் போனார்கள்.

உட்கார இடம் கிடைக்கவில்லை.